பெரிய திரை வந்தபின் மங்கிய படம்: டிடிஎச் இணைப்பை 4கேவுக்கு மாற்றுவது குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கும்பகோணத்தில் சொந்த மாடி வீட்டில் வசிக்கும் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் சம்பந்தப்பட்ட நிகழ்வு இது. அவர்களுடைய மகன் கோவையில் வேலை பார்க்கிறார். மனைவியோடும் பள்ளி செல்லும் மகளோடும் பண்டிகைகளுக்கு ஊருக்கு வருவார். 2023 தீபாவளித் தள்ளுபடியில் அவர் 55 அங்குல 4கே தொலைக்காட்சி ஒன்றை வாங்கி, பெற்றோர் வீட்டுக் கூடத்தில் மாட்டிக் கொடுத்தார். அதுவரை அந்தச் சுவரில் இருந்தது 32 அங்குலப் பெட்டி. திரை மட்டும் மாறியதே தவிர, மொட்டை மாடியிலிருந்த டிஷ், அதிலிருந்து கூடத்துக்கு இறங்கும் கேபிள், செட்டாப் பாக்ஸ், மாதச் சந்தாத் தொகுப்பு ஆகிய எதிலும் கை வைக்கப்படவில்லை.

ஒரு வாரத்துக்குள் குறை கிளம்பியது. "பழைய டிவியில இருந்த தெளிவு இதுல இல்லையே, முகமெல்லாம் மங்கலா இருக்கு" என்று அந்த அம்மாள் சொல்லத் தொடங்கினார். ஆசிரியர் முதலில் தம் மூக்குக்கண்ணாடியைச் சந்தேகித்தார். உலகக் கோப்பை கிரிக்கெட்டின் இறுதிப் போட்டி நவம்பர் 19ஆம் தேதி நடந்தபோது உறவினர்கள் கூடிப் பார்த்தார்கள். பந்து எங்கே போகிறது என்றே தெரியவில்லை என்று அவர்களும் சொன்னார்கள். அந்த மாதத்து மழை நாட்களில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோவதும் சேர்ந்துகொண்டது.

சேவை நிறுவனத்தின் உள்ளூர் முகவரை அழைத்தபோது, "சார், 4கே டிவிக்கு 4கே பாக்ஸ் போட்டாத்தான் படம் எடுக்கும்" என்று சொல்லி, புதிய பெட்டி, புதிய எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலைப் பிடித்துக் கேபிளுக்கு அனுப்பும் கருவி), சற்றுப் பெரிய டிஷ் ஆகியவற்றுக்கும் ஓராண்டுக்கான ஓடிடி தொகுப்புக்கும் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கணக்குக் கொடுத்தார். மகன் தொலைபேசியிலேயே சம்மதித்துவிட்டார். ஆசிரியர்தான், எந்தெந்தச் சேனல் 4கேயில் வரும் என்று கேட்டு, அதற்கு நேரான பதில் வராததால் பணத்தைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்தார். அந்தக் கேள்வியை அவர் அப்போது கேட்டிராவிட்டால் இந்த ஆய்வுக்கே இடமிருந்திருக்காது. செயற்கைக்கோள் ஏற்பிகளோடு பழகியவன் என்ற முறையில் 2024 பொங்கல் விடுமுறையில் என்னை அழைத்தார்கள். மகனும் அப்போது ஊரில் இருந்தார்.

கூடத்தில் கண்டவை

முதலில் பார்த்தது தொலைக்காட்சியின் பின்புறத்தை. இருந்த செட்டாப் பாக்ஸ் எச்டி (உயர்தெளிவு) பெட்டியே. ஆனால் அதிலிருந்து திரைக்குப் போனது மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய ஏவி வயர். புதிய தொலைக்காட்சியோடு வந்த சிறிய இணைப்பானைக் கொண்டு அந்த வயரையே மாட்டிவிட்டுப் போயிருந்தார் பொருத்த வந்தவர். அந்த வயரில் எச்டி படம் போகவே முடியாது. இரண்டாவதாக, அவர்கள் செலுத்திவந்த சந்தா முழுக்க எஸ்டி (சாதாரணத் தெளிவு) தொகுப்பு. மூன்றாவதாக, திரையின் பட அமைப்பு கடையில் கண்ணைப் பறிக்க வைத்திருக்கும் பளிச்சென்ற நிலையிலேயே இருந்தது. கூர்மை அளவும் ஏற்றப்பட்டிருந்ததால், எஸ்டி படத்தைச் சுருக்கி அனுப்புவதால் அதில் இயல்பாக உள்ள கறைகள் மேலும் எடுப்பாகத் தெரிந்தன.

எஸ்டி படம் 720 பத்திகளும் 576 வரிகளும் கொண்டது. மொத்தம் ஏறக்குறைய 4.15 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் 3840க்கு 2160 என்ற கணக்கில் சுமார் 83 லட்சம் புள்ளிகள் உள்ளன. ஆக, ஒளிபரப்பில் வரும் ஒரு புள்ளியை வைத்து இருபது புள்ளிகளை நிரப்பும் வேலையைத் திரை ஓயாமல் செய்துகொண்டிருந்தது. மீதியை அது ஊகித்துத்தான் வரைய வேண்டும்.

சோபாவில் அமர்ந்தால் கண்ணுக்கும் திரைக்கும் இடையே பத்து அடி. குறையில்லாத பார்வை பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. இதைக் கலை என்பார்கள். பத்து அடித் தொலைவில் 32 அங்குலத் திரையில் எஸ்டி படத்தின் ஒரு வரி 0.78 கலை அளவே இருக்கும், அதாவது கண்ணின் எல்லைக்குக் கீழே. அதே படத்தை 55 அங்குலத்தில் விரித்தால் ஒரு வரி 1.34 கலையாகி, குறைகள் கண்ணுக்குத் தட்டுப்படத் தொடங்கும். எனவே பழைய பெட்டியில் படம் தெளிவாக இருந்தது என்று அந்த அம்மாள் சொன்னது முற்றிலும் சரி. அவர் சொன்னதை, புதுப் பொருளோடு ஒட்டாத வயதானவரின் குறையாக மகன் எடுத்துக்கொண்டிருந்தார்.

இதே கணக்கை நீட்டினால் அடுத்த கேள்விக்கும் விடை கிடைக்கிறது. 55 அங்குலத் திரையில் 1080 வரிகள் கொண்ட எச்டி படத்தின் ஒரு புள்ளி, பத்து அடியில் 0.72 கலை. ஏற்கெனவே அது எல்லைக்குக் கீழே போய்விட்டதால், 4கேயில் அது 0.36 கலையாகச் சுருங்குவதைக் கண் பெரிதாக உணராது. ஏழு அடிக்கும் நெருங்கி அமர்ந்தால்தான் எச்டியின் புள்ளிகள் எல்லையைத் தொடும். 4கேயின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

மொட்டை மாடியில் கண்டவை

டிஷ் 60 செ.மீ. அளவினது, நல்ல நிலையில் இருந்தது. எல்என்பியிலும் குறையில்லை. கேபிளின் வெளிமுனை இணைப்பான் துருப்பிடித்து, உள்ளே ஈரம் இறங்கியிருந்தது. நடுவே ஓரிடத்தில் கேபிளை ஒட்டுப்போட்டு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். பெட்டியின் திரைத் தகவலில் சிக்னலின் வலிமை போதுமான அளவில் இருந்தும், தரம் தாழ்ந்து காட்டியதற்கு இதுவே காரணம் எனத் தோன்றியது.

டிஷ் பெரிதானால் படம் கூர்மையாகும் என்று முகவர் சொன்னதைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பல வீடுகளில் இதை நம்பிப் பணம் செலவழிக்கிறார்கள். கூடை ஆன்டெனா காலத்தில் சிக்னல் கூடினால் படத்தின் புள்ளி மழை குறைந்து தெளிவு கூடியது உண்மை. டிஜிட்டல் ஒளிபரப்பில் அப்படியில்லை. பெட்டிக்குத் தேவையான குறைந்தபட்சத் தரம் கிடைத்துவிட்டால் படம் முழுமையாக வரும், கிடைக்காவிட்டால் உடையும். அதற்கு மேல் எவ்வளவு வலுவான சிக்னல் வந்தாலும் ஒரு புள்ளிகூட அதிகமாகாது. பெரிய டிஷ்ஷும் நல்ல கேபிளும் தருவது மழைக்கான தாங்குசக்தியை மட்டுமே. நம் டிடிஎச் சேவைகள் பயன்படுத்தும் கேயு அலைக்கற்றை கனமழையில் வலுவிழக்கும் இயல்புடையது. டிவிபி-எஸ்2 என்ற செயற்கைக்கோள் ஒளிபரப்பு முறையில், தரவை அலையில் ஏற்றும் வழிகளில் ஒன்றான 8பிஎஸ்கேவுக்கு, அனுப்புவதில் முக்கால் பங்கு தரவும் மீதி பிழை திருத்தமுமாக இருக்கும்போது, சிக்னல் இரைச்சலைவிட ஏறத்தாழ 7.9 டெசிபல் மேலே இருக்க வேண்டும். அதே விகிதத்தில், இன்னொரு வழியான கியூபிஎஸ்கேவுக்கு 4 டெசிபல் போதும். ஒரே மழையில் சில சேனல்கள் முன்னதாகப் போய், வேறு சில தாக்குப்பிடிப்பதற்கு இத்தகைய வேறுபாடும் ஒரு காரணமாக இருக்கலாம்.

செயற்கைக்கோள் பக்கம்

பெட்டி வாங்குவதற்கு முன் ஆசிரியர் கேட்ட கேள்விக்கே திரும்பினோம். அந்தச் சேவையின் சேனல் பட்டியலை எடுத்து, வீட்டில் உண்மையாகவே பார்க்கப்படும் சேனல்களை அந்த அம்மாளைச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டோம். சன் டிவி, கே டிவி, விஜய், ஜீ தமிழ் ஆகியவற்றுக்கு எச்டி வடிவம் இருந்தது. விளையாட்டுச் சேனல்களுக்கும் இருந்தது. ஆசிரியர் பார்க்கும் செய்திச் சேனல்களும் அந்த அம்மாளுக்குப் பிடித்த பழைய பாடல் சேனலும் எஸ்டியில் மட்டுமே கிடைத்தன. அவர்கள் பார்க்கும் எந்தச் சேனலும் அந்தப் பட்டியலில் 4கேயில் இல்லை.

அப்படியானால் 4கே பாக்ஸ் என்று விற்கப்படுவது என்ன? இன்று அந்தப் பெயரில் வருபவை பெரும்பாலும் ஆண்ட்ராய்டு இயங்குதளம் கொண்ட கலப்புப் பெட்டிகள். அவற்றில் 4கே படம் வருவது இணையத்தின் வழியே, ஓடிடி செயலிகளிலிருந்து. டிஷ்ஷிலிருந்து இறங்கும் சேனல் எஸ்டியாக இருந்தால் எஸ்டியாகவே வந்து, பெட்டிக்குள் 4கே அளவுக்கு ஊதப்பட்டுத் திரைக்குப் போகும். அந்த ஊதும் வேலையைத் தொலைக்காட்சி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. அதே செயலிகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. பெட்டியை 4கே என்று முகவர் சொன்னதில் பொய் எதுவுமில்லை, பெட்டி 4கேதான். சேனல் எதுவும் 4கே இல்லை என்பதை அவர் சொல்லவில்லை, அவ்வளவே.

இந்தியாவில் இது புதிய வாக்குறுதியும் அன்று. 2015 தொடக்கத்தில், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த உலகக் கோப்பை கிரிக்கெட்டையொட்டி, டாடா ஸ்கையும் வீடியோகான் டி2எச்சும் 4கே பெட்டிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தன. அதன்பின் வந்த ஆண்டுகளில் பெட்டிகளும் திரைகளும் மலிந்தனவே தவிர, அவற்றுக்கு ஈடாகச் சேனல்கள் பெருகவில்லை. ஜப்பானில் 2018 டிசம்பர் 1 அன்று பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயும் தனியார் நிறுவனங்களும் சேர்ந்து செயற்கைக்கோள் வழி 4கே ஒளிபரப்பைத் தொடங்கினார்கள். அங்கே சில சேனல்களுக்காகப் புதிய ஆன்டெனா மாட்டுவதில் பொருள் இருந்தது, ஏனெனில் அவை அலை இடப்புறமாகச் சுழன்று வரும் முறையில் (இடப்புற வட்ட முனைவாக்கம்) வந்தன, பழைய ஆன்டெனாவால் அவற்றைப் பிடிக்க முடியாது.

இங்கே சேனல்கள் ஏன் வரவில்லை என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. நொடிக்கு மூன்று கோடிக் குறியீடுகளை 8பிஎஸ்கே முறையில் முக்கால் விகிதத்தில் அனுப்பும் ஒரு டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளில் சேனல்களை வாங்கி அனுப்பும் கருவி) சுமந்துவரக்கூடியது நொடிக்கு ஏறத்தாழ 67 மெகாபிட். எச்இவிசி என்ற புதிய முறையில் படத்தைச் சுருக்கினாலும் 4கே விளையாட்டுச் சேனல் ஒன்று 20 முதல் 25 மெகாபிட் வரை கேட்கும். ஆக மூன்று சேனல்களோடு இடம் முடிந்துவிடும். அதே இடத்தில் எம்பெக்-4 முறையில் சுருக்கிய எஸ்டி சேனல்களை நாற்பதுக்குக் குறையாமல் அடுக்கலாம். பல மொழிகளில் நூற்றுக்கணக்கான சேனல்களைக் குறைந்த சந்தாவில் கொடுக்க வேண்டிய நிறுவனம், நாற்பது சேனல்களை இறக்கிவிட்டு மூன்றை ஏற்றுமா என்று கேட்டதும் மகனுக்கு நிலைமை விளங்கிவிட்டது.

சோதனை

கணக்கு சரியாக இருந்தாலும் கண் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று மகன் சொன்னது நியாயமானது. வீட்டில் நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள ஃபைபர் இணைப்பு ஏற்கெனவே இருந்தது. தொலைக்காட்சியின் யூடியூப் செயலியில் 4கேயில் படமாக்கப்பட்ட காட்டுயிர்க் காட்சி ஒன்றை ஓட்டி, எல்லோரையும் முகம் திருப்பச் சொல்லிவிட்டு, தர அளவை 480, 1080, 2160 என்று மாற்றி மாற்றி வைத்து, எது எது என்று கேட்டோம்.

480க்கும் 1080க்கும் உள்ள வேறுபாட்டைச் சோபாவிலிருந்த அனைவரும் தயங்காமல் சொன்னார்கள். 1080க்கும் 2160க்கும் இடையே பெரியவர்கள் மூவரும் சரியாகவும் தவறாகவும் மாறி மாறிச் சொன்னார்கள், மகனும் அப்படியே. திரைக்கு அருகே தரையில் உட்கார்ந்திருந்த பேத்தி மட்டும் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னாள். அவளைச் சோபாவில் உட்கார வைத்ததும் அவளுக்கும் தடுமாறியது. யூடியூபில் தர அளவு கூடும்போது புள்ளிகளோடு தரவு வேகமும் கூடுகிறது என்பதால், இந்தச் சோதனை 4கேவுக்குச் சற்றுச் சாதகமானது; அப்படியிருந்தும் பத்து அடியில் வேறுபாடு நிற்கவில்லை.

எதிர்பாராமல் கிடைத்த ஒன்றும் உண்டு. வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டை விரிவாகக் காட்டும் எச்டிஆர் முறையில் பதிவான காட்சி ஒன்றையும் அம்முறையில்லாத அதே காட்சியையும் ஓட்டியபோது, வெயிலின் பளபளப்பிலும் நிழலுக்குள் தெரியும் விவரத்திலும் உள்ள வேறுபாட்டை எந்தத் தொலைவிலிருந்தும் எல்லோரும் கண்டுகொண்டார்கள். 4கே என்று விளம்பரங்களில் காட்டப்படும் அழகில் பெரும்பங்கு புள்ளிகளின் எண்ணிக்கையால் வருவதன்று, ஒளியாலும் நிறத்தாலும் வருவது என்பது என் கருத்து. ஆனால் அவர்கள் சந்தா கட்டும் டிடிஎச் சேனல்களில் அதுவும் வருவதில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

புதிய பெட்டியும் டிஷ்ஷும் வேண்டாம் என்று முடிவாயிற்று. பார்க்கும் சேனல் எதுவும் 4கேயில் இல்லாதபோது, பெட்டிக்குக் கொடுக்கும் பணம் தொலைக்காட்சிக்குள் ஏற்கெனவே இருக்கும் செயலிகளுக்கு இரண்டாம் முறை கொடுக்கும் பணமாகவே இருந்திருக்கும்.

அதற்குப் பதிலாக, முதலில் ஏவி வயரை எடுத்துவிட்டு எச்டிஎம்ஐ கேபிள் மாட்டி, பெட்டியின் வெளியீட்டை 1080க்கு உயர்த்தினோம். எச்டி வடிவம் உள்ள தமிழ்ச் சேனல்களையும் ஒரு விளையாட்டுச் சேனலையும் எச்டிக்கு மாற்றி, அவற்றின் எஸ்டி வடிவங்களை நீக்கச் சொன்னோம். இரண்டையும் வைத்துக்கொண்டால் ஒரே நிகழ்ச்சிக்கு இருமுறை பணம் போகும். தவிர, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017இல் வகுத்த விதிகளின்படி இணைப்புக் கட்டணக் கணக்கில் ஒரு எச்டி சேனல் அப்போது இரண்டு எஸ்டி சேனல்களாக எண்ணப்பட்டது. பார்க்கப்படாத வேற்றுமொழிச் சேனல்கள் சிலவற்றையும் எடுத்துவிட்டதால், 18 சதவீத ஜிஎஸ்டி உட்பட மாதச் செலவு நூறு ரூபாய்க்குள்தான் கூடியது.

மாடியிலிருந்து வரும் கேபிளை ஒட்டில்லாத ஒரே நீளமாக ஆர்ஜி-6 கேபிளால் மாற்றி, இணைப்பானுக்கு ரப்பர் உறை போட்டு, டிஷ்ஷின் திசையைச் சரிபார்க்கச் செய்தோம். திரையின் பட அமைப்பைத் திரைப்படத்துக்கான நிலைக்கு மாற்றிக் கூர்மையைக் குறைத்தோம். முதல் நாள் படம் மஞ்சளடித்ததுபோல் தோன்றும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தது நல்லதாயிற்று. இல்லாவிட்டால் அன்றிரவே பழைய நிலைக்கு மாற்றியிருப்பார்கள். 4கே வேண்டுமென்ற மகனின் விருப்பத்துக்கு, மாடி அறையிலிருந்த ரவுட்டரிலிருந்து தொலைக்காட்சிக்கு ஒரு லேன் கேபிள் இழுக்கப்பட்டது. 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது நொடிக்கு 15 மெகாபிட் மட்டுமே. மணிக்குச் சுமார் 7 ஜிபி வரை செலவாகும். அவர்களது மாத வரம்பு 3300 ஜிபி என்பதால் அளவைப் பற்றிக் கவலை எழவில்லை.

பின்னர் நடந்தவை

எச்டி தொடர்களைப் பார்த்த அந்த அம்மாள் அதன்பின் குறை சொல்லவில்லை. கே டிவி எச்டியில் பழைய படங்கள் ஓடும்போது மட்டும் பழைய மங்கல் திரும்ப வந்ததாகச் சொன்னார். மூலப் பிரதியே எஸ்டி தரத்தில் இருந்தால் சேனலின் பெயரில் எச்டி இருப்பதால் படம் தெளிந்துவிடாது என்பதை விளக்க வேண்டியிருந்தது. செய்திச் சேனல்கள் இன்றும் எஸ்டிதான். ஆனால் வயரும் பட அமைப்பும் மாறியதால், முன்னைவிடப் பார்க்கத் தகுந்தவையாக இருக்கின்றன.

இணையவழி விளையாட்டில் வேறொரு சிக்கல் தெரிந்தது. 2024 ஜூனில் டி20 உலகக் கோப்பைப் போட்டி ஒன்றைச் செயலியில் பார்த்தபோது, பக்கத்து வீட்டில் கேபிள் வழியே பார்த்தவர்கள் விக்கெட்டுக்குக் கைதட்டிச் சற்று நேரம் கழித்தே இங்கே பந்து வீசப்பட்டது. நேரலை இணையவழியில் வரும்போது இத்தகைய தாமதம் வழக்கமானதே. ஜூன் 29 அன்று இந்தியா ஏழு ரன்களில் வென்ற இறுதிப் போட்டியை அவர்கள் டிஷ்ஷின் எச்டி சேனலிலேயே பார்த்தார்கள். படத்தின் கூர்மையைவிட, கடைசி ஓவரை ஊரோடு சேர்ந்து பார்ப்பது அவர்களுக்கு முக்கியமாக இருந்தது.

அந்த ஆண்டின் வடகிழக்குப் பருவமழையில் சிக்னல் அறுந்தது பெருமழை கொட்டிய நேரங்களில் மட்டும். தூறலுக்கெல்லாம் படம் உடைவது நின்றது. லேன் கேபிள் போட்ட வசதியோ பெரும்பாலும் சும்மா கிடக்கிறது. இரண்டு ரிமோட்டுகளுக்கிடையே மாறுவது பெற்றோருக்குப் பிடிக்கவில்லை. மகன் குடும்பம் வரும் நாட்களில்தான் 4கே படம் ஓடுகிறது. ஓராண்டு ஓடிடி தொகுப்புக்கு முன்பணம் கட்டியிருந்தால் அதில் எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

எவை மாறினால் முடிவு மாறும்

அவர்கள் பார்க்கும் சேனல்களில் ஒன்றிரண்டாவது செயற்கைக்கோள் வழியே 4கேயில், குறிப்பாக எச்டிஆரோடு வரத் தொடங்கினால் முடிவை மீண்டும் எடுக்க வேண்டும். அதை முகவரின் வாய்ச்சொல்லை வைத்தன்றி, சேவையின் சேனல் பட்டியலை வைத்தே உறுதிசெய்ய வேண்டும். திரையைப் பெரிதாக்குவது மட்டும் போதாது: இதே பத்து அடியில் 75 அங்குலத் திரை வைத்தாலும் எச்டியின் ஒரு புள்ளி 0.98 கலையிலேயே நிற்கும். கூடத்தைத் திருத்திச் சோபாவை ஏழு அடிக்குள் கொண்டுவருவதென்றால் அது வேறு நிலை. ஆனால் அந்தச் சுவரை ஒட்டித்தான் மாடிப்படி ஏறுகிறது.

ஃபைபர் இணைப்பு இல்லாத கிராமத்து வீடாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பின்னர் ஒருவர் கேட்டார். கலப்புப் பெட்டியின் 4கே இணையத்திலிருந்தே வருவதால், அங்கே அதை வாங்குவதில் இன்னும் குறைவான பயனே இருக்கும். இணையம் இருந்து, தொலைக்காட்சி செயலிகள் இல்லாத பழைய வகையாக இருந்தால் மட்டும் அந்தப் பெட்டிக்கு ஒரு நியாயம் உண்டு. அங்கும் தொலைக்காட்சியில் செருகிச் செயலிகளை ஓட்டுவதற்காகத் தனியாக விற்கும் ஸ்டிக் ஒன்றின் விலையோடு ஒப்பிட்ட பிறகே வாங்க வேண்டும்.

இவர்கள் வீட்டிலுள்ள எச்டி பெட்டி பழையது, என்றாவது பழுதாகும். அப்போது மாற்றுப் பெட்டியாகக் கலப்புப் பெட்டி சாதாரணப் பெட்டியின் விலைக்கே கிடைக்குமானால் அதை வாங்கிக்கொள்வதென்றும், ஓடிடி தொகுப்பை அதோடு சேர்க்காமல் விடுவதென்றும், டிஷ்ஷையும் எல்என்பியையும் அப்படியே வைத்துக்கொள்வதென்றும் ஆசிரியரும் மகனும் பேசி முடித்திருக்கிறார்கள்.